புஷ்-புல் வால்வு ஆம்ப்: வந்த கேள்விகளில் சில

(வால்வு என்றால் பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுகளை ஜோடியாகப் போட்டு, ஒன்று தள்ள மற்றது இழுக்கிற மாதிரி செய்த ஆம்ப்ளிஃபையர்தான் புஷ்-புல் ஆம்ப்.)

கேள்வி: இரண்டு வால்வைப் போட்டால் டிஸ்டார்ஷன் (சிக்னலின் வடிவம் கெடுவது) கூடத்தானே வேண்டும், எப்படிக் குறைகிறது?

பள்ளிக்கூடக் கணக்குதான். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் கிராஃப் போட்டால் வால்வின் வளைவு நேர்கோடு இல்லை என்பதால், உள்ளே போகும் சிக்னலோடு அதன் வர்க்கமும் கனமும் கொஞ்சம் கலந்து வெளியே வரும். புஷ்-புல்லில் ஒரு வால்வுக்கு சிக்னல் நேராகவும் இன்னொன்றுக்குத் தலைகீழாகவும் போகிறது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மைனஸை வர்க்கப்படுத்தினாலும் பிளஸ்தானே? அதனால் வர்க்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து கழிந்துபோகும். வர்க்கம் மாதிரி இரட்டைப்படை அடுக்குகளிலிருந்து வரும் 2-வது, 4-வது ஹார்மோனிக் (மூல அதிர்வெண்ணின் 2 மடங்கு, 4 மடங்கில் சேரும் ஒலி) போய்விட்டது. கனம் குறி மாறி வரும், அது கழியாது. மிஞ்சுகிற 3-வதையும் 5-வதையும் அடக்கத்தான் ஃபீட்பேக், அதாவது அவுட்புட்டில் கொஞ்சத்தை எடுத்து இன்புட்டிலிருந்து கழிப்பது. 1947-ல் வில்லியம்சன் என்ற ஆம்ப் வடிவமைப்பாளர் கே.டி.66 என்ற வால்வு ஜோடியை டிரையோடாக (ஸ்கிரீன் கிரிட்டைப் பிளேட்டோடு சேர்த்து) இணைத்து, 20 டெசிபெல் ஃபீட்பேக் போட்டு, 15 வாட்டில் 0.1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தது இப்படித்தான்.

கேள்வி: வால்வு சத்தம் இனிமையாக இருப்பதே இரட்டை ஹார்மோனிக்கால்தான் என்கிறார்களே?

ஒற்றை அவுட்புட் வால்வு வேலை செய்யும் சிங்கிள் எண்டட் ஆம்புக்குப் பொருந்தும் பேச்சு அது. புஷ்-புல்லில் கழிவது அவுட்புட் வால்வுகள் உண்டாக்கியது மட்டும். அவற்றுக்கு சிக்னல் கொடுக்க முன்னால் இருக்கிற டிரைவர் வால்வு சேர்த்துவிட்ட 2-வது ஹார்மோனிக் பாட்டோடு பாட்டாக ஸ்பீக்கர் வரை வந்துவிடும், அதைக் கழிக்க இங்கே யாரும் இல்லை.

கேள்வி: மேட்ச்டு ஜோடிதான் (அளந்து ஒத்துப்போகும் இரண்டு வால்வுகள்) வாங்க வேண்டுமா?

முடிந்தால் வாங்குங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் கழித்தலே நடக்கும். பவர் சப்ளையிலிருந்து வரும் ஹம்மும் (உறுமல் சத்தம்) அங்கேதான் கழிகிறது. ஹம் அடித்த ஒரு ஆம்பில் நான் ஃபில்டர் கண்டென்சரை மாற்றி ஒரு நாளைத் தொலைத்தேன், கடைசியில் பார்த்தால் ஒரு வால்வு சோர்ந்து கிடந்தது. இன்னொன்று, புஷ்-புல் டிரான்ஸ்பார்மரின் கோரில் (நடுவில் இருக்கும் இரும்பில்) காற்று இடைவெளி பெரும்பாலும் விடுவதில்லை, இரண்டு வால்வின் கரண்ட்டில் சில மில்லி ஆம்பியர் வித்தியாசமே கோரின் காந்தத்தை ஒரு பக்கம் இழுத்து பாஸைக் கெடுக்கும்.

கேள்வி: மெதுவாக வைத்துக் கேட்டால் ஒரு கரகரப்பு, ஏன்?

பயாஸ் கரண்ட் (சிக்னல் இல்லாதபோதும் வால்வில் ஓடும் கரண்ட்) குறைவாக இருக்கலாம். ஒரு வால்வு ஓய்ந்து மற்றது எடுத்துக்கொள்ளும் இடத்தில் விழும் நெளிவு அது, சின்ன சிக்னலில்தான் அதிகம் உறுத்தும். ஈ.எல்.34 வால்வு, பிளேட்டில் 450 வோல்ட் என்றால், அதன் பிளேட் தாங்கும் 25 வாட்டில் 70 சதவீதம் கணக்குப்படி இந்தக் கரண்ட் வால்வுக்கு சுமார் 39 மில்லி ஆம்பியர். கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தால் 1 மில்லி வோல்ட்டுக்கு 1 மில்லி ஆம்பியர், ஆனால் பிளேட் கரண்ட்டோடு ஸ்கிரீன் கிரிட்டின் கரண்ட்டும் அதில் சேர்ந்திருக்கும். அப்புறம், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், கை வைக்கும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்.