டிப் கொடுத்தும் மாண்டிபோரா வெளுக்கிறதா? முட்டையைத் தேடுங்கள்

டிப் (பவளத்தை மருந்துக் கரைசலில் கொஞ்ச நேரம் முக்கி வைப்பது) பூச்சியைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. வாங்கிய அன்றே அயோடின் டிப் கொடுத்தும் பத்தாம் நாள் மாண்டிபோரா என்ற தொட்டிப் பவளத்தின் ஓரம் வெளுக்கிறது என்றால், தப்பிய முட்டைகள் பொரித்திருக்கலாம். மாண்டிபோராவைத் தின்னும் நூடிபிராங்க் (ஓடில்லாத சிறு கடல் நத்தை) என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, பவளத்தைத் திருப்பி அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளுத்த இடமும் உயிருள்ள சதையும் சேரும் விளிம்பில், நூடிபிராங்க் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாக, சில மில்லிமீட்டர் நீளத்தில் ஊரும். முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும்.

இருந்தால், கடையில் பவளத்தை ஒட்டிக் கொடுத்த பிளக்கை (சிறு அடிக்கட்டையை) முதலில் தூக்கிப் போடுங்கள். அதன் அடியில்தான் முட்டை ஒளிந்திருக்கும். செத்த பகுதியை வெட்டி, மீதியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டிப் கொடுங்கள். டிப்பில் இருக்கும்போது பைப்பெட்டால் பலமாகப் பீய்ச்சுங்கள், விழுவதை எண்ணுங்கள். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து நான்கு தடவையாவது இப்படிச் செய்யுங்கள். குஞ்சுகள் வளர்ந்து மறுபடி முட்டையிட விடக் கூடாது.

ஒன்று மட்டும் கவனம்: அவசரத்தில் மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள், பவளமே போய்விடும். அப்புறம், பெரிய தொட்டியில் ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் அங்குள்ள எல்லா மாண்டிபோராவுக்கும் இதே சிகிச்சை வேண்டும்.