கண்ணின் வெளிப்படலம்: கேட்டவையும் சொன்னவையும்

பினாங்கில் கண் பரிசோதகராக இருக்கிறேன். முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவும் சுற்றிலும் வெள்ளையாகத் தெரியும் ஸ்கிளீராவும் சேர்ந்ததே கண்ணின் வெளிப்படலம். அதைப் பற்றி வந்த சில கேள்விகள்.

பட்டர்வொர்த், படிவம் 5 மாணவி: அக்கா, இரண்டும் கொலாஜன் என்ற புரத நார்தானே? ஒன்று மட்டும் ஏன் வெள்ளை?

நல்ல கேள்வி, தங்கச்சி. கார்னியாவில் நார்கள் மெல்லியவை. ஒரே பருமன், ஒரே இடைவெளி. அதனால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. ஸ்கிளீராவில் பருத்ததும் மெலிந்ததுமாகத் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் அடுக்கு ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது. தண்ணீர் ஏறினால் கார்னியா ஊதி மங்கிவிடும். அதன் உட்பக்கம் ஒரே வரிசையாக இருக்கும் செல்கள் அந்த நீரை ஓயாமல் வெளியே இறைக்கின்றன. அவை செத்தால் ஈடுகட்டப் புதிய செல்கள் பிறப்பதில்லை. பக்கத்துச் செல்கள் விரிந்து இடத்தை நிரப்பும். எனக்கு இன்றும் வியப்பு தரும் இடம் இதுதான்.

ஆயர் ஈத்தாம்: காண்டாக்ட் லென்ஸோடு தூங்கிவிடுகிறேன். பரவாயில்லையா?

வேண்டவே வேண்டாம். கார்னியாவில் ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது ஆக்ஸிஜன் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வருகிறது. இமையும் மூடி, லென்ஸும் இருந்தால் கார்னியா திணறும். கிருமித் தொற்றுக்கும் வழி. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் அதில் இருக்கலாம். அது கார்னியாவைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

தெலுக் பஹாங், மீன்பிடிப்பவர்: வெள்ளையிலிருந்து கருவிழிப் பக்கம் சதை வளர்கிறது. புற்றுநோயா அம்மா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டெரிஜியம் போல இருக்கிறது, ஐயா. அது புற்றுநோய் இல்லை. வெயிலில் வெகுகாலம் உழைப்பவர்களுக்கு அதிகம் வரும். ஆனாலும் ஒருமுறை நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கடலுக்குப் போகும்போது அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். சதை கண்மணியை நெருங்கினாலோ பார்வை கோணலானாலோ அறுவை சிகிச்சை செய்வார்கள்.

செபராங் ஜெயா: பார்வைக்கு உள்ளே இருக்கும் லென்ஸ்தானே முக்கியம்?

இல்லை. ஒளியை வளைத்துக் குவிக்கும் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் (அந்தத் திறனை அளக்கும் அலகு). அதில் 43 அளவு கார்னியாவுடையது. பார்வைக் குறையைச் சரிசெய்யும் லேசிக் எனும் லேசர் சிகிச்சையில் கார்னியாவைச் செதுக்குவது அதனால்தான்.

அப்படியானால் ஸ்கிளீராவுக்கு என்ன வேலை?

கண்ணின் உருண்டை வடிவம் குலையாமல் தாங்குவது. விழியைத் திருப்பும் 6 தசைகளும் அதில்தான் பிடித்திருக்கின்றன. பின்புறம் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தசைகளுள் நேர்தசைகள் எனப்படுபவை ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வெறும் 0.3 மில்லிமீட்டர்.