போனை விட வைக்க வழி சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மேடம்,

என் மகன் புதுச்சேரியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில் போய் வந்தவன் இப்போது பாதி நாள் போவதில்லை. எந்நேரமும் போன். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு அரியர். அவன் அப்பா சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்த்துக் கட்டுகிற ஃபீஸ் இது. மீன் குழம்பு வைத்தாலும் தட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறான். போனைப் பிடுங்கினால் சண்டைகூடப் போடுவதில்லை, அவ்வளவு திமிர். பொறுப்பே இல்லாதவன் என்றும் சொல்ல முடியாது. போன வாரம் தங்கையை உட்காரவைத்து கரன்ட் பில் கட்ட, கேஸ் புக் பண்ண சொல்லிக்கொடுத்தான், ஆசையாக வாங்கிய கிரிக்கெட் பேட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தான். படிப்பில்தான் அக்கறை இல்லை. எல்லாம் அந்தப் போனால்தான்.

- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

அன்புச் சகோதரிக்கு,

போன் இருக்கட்டும். பேட்டையும் வீட்டு வேலைகளையும் ஒரு பிள்ளை சத்தமில்லாமல் ஒப்படைக்கிறான் என்றால், தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்திருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் அவன் கைக்கு எட்ட வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அழைத்துப் போங்கள். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. இல்லை என்று சொன்னாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். போனைப் பிடுங்கியும் சண்டை போடாத பையனிடம் திமிரைப் பார்த்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது, சண்டை போடவும் தெம்பில்லாத பிள்ளை. பிடித்த சாப்பாடும் விளையாட்டும் வேண்டாமல் போய், விடியுமுன் தூக்கம் கலைந்து, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அரியர் அதனாலேயே வந்திருக்கலாம். ஃபீஸ் கணக்கை அவன் காதில் போடாதீர்கள். வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று அவனே நினைத்துக்கொண்டிருந்தால், உங்கள் பேச்சு அதை உறுதிப்படுத்திவிடும்.

தைராய்டு, ரத்தசோகைக்கும் பரிசோதிப்பார்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரிய சில வாரம் ஆகும். தேறிய பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும், நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது லீவு போட்டுவிட்டு அவன் அப்பாவும் வரட்டும். அரியர் பேச்சை இந்த செமஸ்டர் முழுக்க யாரும் எடுக்க வேண்டாம்.