வாசலுக்கு வந்து விற்ற சோலார் கீசரைத் திருப்பலாமா?

கேள்வி: வீடு தேடி வந்த ஒருவர், "மின்கட்டணம் பாதியாகிவிடும், பூமிக்கும் புண்ணியம்" என்று பேசிப் பேசியே சோலார் கீசருக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். முன்பணமும் கொடுத்தாயிற்று. இன்னும் பொருத்தவில்லை. மூன்று நாள் கழித்து வேண்டாம் என்றால், முன்பணம் திரும்பாது என்கிறார். அவ்வளவுதானா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அவர் சொல்வது சட்டம் அல்ல. நீங்கள் கூப்பிடாமலே தேடி வந்து விற்றவரிடம் செய்த ஒப்பந்தத்தை, ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல், அபராதமும் இல்லாமல் ரத்து செய்யலாம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 16ஆம் பிரிவு. தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சலோ கடிதமோ, பதிவாக இருக்க வேண்டும். பொருள் இன்னும் உங்கள் கைக்கு வராததால், அறிவிப்பு கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அவர் பணத்தைத் திருப்ப வேண்டும். இதைப் படித்து முடித்ததும் எழுதிவிடுங்கள்.

கீசரே வேண்டாமா என்பது வேறு கேள்வி. சோலார் கீசர் நல்ல பொருள்தான். 2011 முதல் நம் கட்டட விதியே, புதிய வீடுகளில் வெந்நீருக்கான சக்தியில் பாதியாவது மின்சுருள் அல்லாத வழியில் வர வேண்டும் என்கிறது. டர்பனில் குளிர்காலம் மழையில்லாமல் வெயிலாக இருப்பதும் அதற்குச் சாதகம். ஆனால் "பாதியாகிவிடும்" என்றவர் உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதைப் பார்த்தாரா? 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். நாளுக்கு எத்தனை யூனிட் எரிக்கிறீர்கள் என்று மீட்டரில் பார்த்து, இந்த ஏழோடு ஒப்பிட்டால் அவர் பேச்சின் எடை தெரிந்துவிடும். யாரும் குளிக்காத நேரத்திலும் தொட்டி வெப்பத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே முதலில் கீசருக்கு ஒரு போர்வை, வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை, தெர்மோஸ்டாட்டை 60இல் வைப்பது, தண்ணீரைக் குறைத்துவிடும் ஷவர். இவை நான்கும் சேர்ந்தாலும் ஒரு சோலார் கீசர் விலையில் சிறு பங்குதான். வாசலுக்கு வருகிறவர்கள் போர்வை விற்க வருவதில்லை, லாபம் அதில் இல்லை.

அப்படியும் வாங்குவதென்றால் சிலவற்றைக் கவனியுங்கள். கூரையில் வெயில் வாங்கும் தகடு வடக்கு நோக்கி இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காணொளிகளில் தெற்கு என்பார்கள். அது பூமத்திய ரேகைக்கு அந்தப்பக்கத்து விதி. உறைபனி விழும் ஜோகன்னஸ்பர்க்கில் உறையாத திரவம் ஓடும் வகை தேவை. நம் கரையோரத்தில் தண்ணீரே நேராகத் தகட்டில் ஓடும் வகை போதும், விலையும் குறைவு. ஆனால் உப்புக்காற்றுக்குத் தாங்கும் உலோகமா என்று கேளுங்கள். குழாய்ப் பணிக்கும் மின் பணிக்கும் சான்றிதழ் கைக்கு வராமல் மீதிப் பணம் தராதீர்கள்; கீசர் வெடித்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். இன்னொன்று: "விலையில் கால் பங்கு வரிச்சலுகையாகத் திரும்பும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை மின்சாரம் தரும் சூரியத் தகடுகளுக்கு மட்டும், அதிகபட்சம் 15,000 ரேண்ட். 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. கீசருக்கு அது எப்போதுமே கிடையாது.

கேள்வி: கோயில் அன்னதானத்துக்கு "மக்கும்" தட்டு, டம்ளர் வாங்கலாமா? சாதாரணத் தட்டைவிட விலை கூட.
- கோயில் குழு உறுப்பினர், இசிப்பிங்கோ

பதில்: எங்கே மக்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கண்ணாடிபோல் தெரியும் பல "மக்கும்" டம்ளர்கள் சோள மாவுச் சர்க்கரையிலிருந்து செய்த பிளாஸ்டிக். அவை மக்குவதற்குத் தொழிற்சாலை உரக்கூடத்தின் நீடித்த சூடு வேண்டும். உங்கள் குப்பை லாரி குப்பைமேட்டுக்குத்தான் போகிறது என்றால், கூடுதல் பணம் அட்டையில் அச்சிட்ட பச்சை இலைக்குக் கொடுத்ததாகத்தான் ஆகும். பொருளைப் பற்றித் தவறான தோற்றம் தருவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே சான்று கேட்பது உங்கள் உரிமை. எனக்கென்னவோ, பாதி வீடுகளில் பின்கட்டில் வாழை நிற்கும் ஊரில் இந்தக் கேள்வியே வியப்பாக இருக்கிறது. இலை வெட்ட இரண்டு பேரையும், எவர்சில்வர் டம்ளர் கழுவ நான்கு பேரையும் குழுவில் நியமியுங்கள்.

கேள்வி: கடையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குகிறார்கள். அதற்குப் பதில் பழைய மெல்லிய பையே இலவசமாகத் தரலாமே?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: 2003இல் அரசு மெல்லிய பைகளைத் தடுத்து, அடுத்து தடித்த பைக்கு வரி போட்டதே, நீங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்றுதான். புதிய விதிப்படி அதில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் 2025 முதல் 75 சதவீதம், 2027 முதல் முழுவதும் இருக்க வேண்டும். காசு உறுத்தினால் துணிப்பை.

கேள்வி: "பத்து வருடம் உழைக்கும்" என்ற எல்இடி பல்பு நான்கே மாதத்தில் போய்விட்டது. "பல்புக்கு வாரண்டி இல்லை" என்கிறார் கடைக்காரர்.
- வாசகி, வெருலம்

பதில்: கடைக்காரர் இல்லை என்று சொன்னாலும் சட்டம் ஆறு மாதம் வாரண்டி தருகிறது. பழுதான பொருளுக்கு மாற்றா, பழுதுபார்ப்பா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், அவர் அல்ல. ரசீதோடு போய் நிதானமாகக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவை குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அடுத்த படி தேசிய நுகர்வோர் ஆணையம்.

போகும்போது, அலமாரியில் கிடக்கும் பழைய சுருள் வடிவ சிஎஃப்எல் பல்புகளையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் பாதரசம் இருக்கிறது. வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் சிலவற்றின் வாசலில் பல்புக்கும் பேட்டரிக்கும் தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வழியில் உடையாமல் இருக்க, பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொள்ளுங்கள்.