சிலருக்குத் தீம் பார்க் சுற்றுலா என்றால் கொள்ளைப் பிரியம், சிலருக்கு அறவே ஆகாது. ஏன் இந்த வித்தியாசம்?

எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சியும் இருக்கிறது. நான் பிரியக் கட்சி. என் கணவர் எதிர்க்கட்சி, அதுவும் சமரசத்துக்கே இடம் கொடுக்காத எதிர்க்கட்சி.

திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நெல்லும் கொஞ்சம் வாழையும் பிழைப்பு. பெரிய தீம் பார்க் எதுவும் எங்கள் பக்கத்தில் இல்லாததால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நினைத்துக்கொண்டு போய்வர முடியாது. தஞ்சாவூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி, உறவினர் வீட்டில் குளித்துக் கிளம்ப வேண்டும். அதனால் யார் வருகிறார்கள், யார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் வீட்டில் சித்திரை பிறக்கும்போதே தொடங்கிவிடும்.

தைரியசாலிக்குப் பிடிக்கும், பயந்தாங்கொள்ளிக்குப் பிடிக்காது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் கணவர் நள்ளிரவில் டார்ச் விளக்கோடு பாம்பு திரிகிற வரப்பில் தனியாக நடந்துபோய் மடை திறந்துவிட்டு வருகிறவர். அவரைப் பயந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானோ பல்லியைக் கண்டால் வேறு அறையில் போய்ப் படுப்பவள். ஆனால் ரோலர் கோஸ்டரில் முதல் வரிசை இருக்கைக்குப் பிள்ளைகளோடு சண்டை போடுவதும் நான்தான்.

பாதி விஷயத்தைக் காது தீர்மானித்துவிடுகிறது. உட்காதில் திரவம் நிரம்பிய சிறு குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் அசைகிறது, திரும்புகிறது என்பதை மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. கண் ஒன்றைச் சொல்லி, காது வேறொன்றைச் சொன்னால் மூளை குழம்பிப்போகும். தலைசுற்றலும் குமட்டலும் வரும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் சிலருக்கு வாந்தி வருவதும் இதே காரணத்தால்தான். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். என் கணவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கொலம்பஸ் கப்பலில் ஒருமுறை ஏறி இறங்கியவர் வேப்பமரத்தடியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். பிள்ளைகள் வாங்கிவந்த எலுமிச்சைச் சாறு கையிலேயே இருந்தது. இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், “ஏறினால்தானே பழகும்” என்று வற்புறுத்துவது அநியாயம்.

மீதிப் பாதியில் மனம் வருகிறது. மார்வின் சக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடும் நாட்டத்தை அளக்க 1964-ல் ஓர் அளவுகோல் வகுத்தார். அந்த நாட்டம் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் உச்சத்தில் இருந்து, பிறகு படிப்படியாகக் குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதல். அந்தக் கணக்கின்படி, நாற்பதைத் தாண்டிய குடும்பத் தலைவியான நான் ராட்டின வரிசையிலேயே நிற்கக் கூடாது! பால் ரோசின் என்ற இன்னோர் உளவியலாளர் மிளகாயை ஆராய்ந்தவர். நாக்கு எரிகிறது, கண்ணில் நீர் வழிகிறது, ஆனாலும் மனிதர்கள் அதை விரும்பிச் சாப்பிடுகிறார்களே, ஏன்? உடம்பு ஆபத்து என்று அலறும்போது, ஆபத்து ஒன்றுமில்லை என்று மனத்துக்குத் தெரிந்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்றார் அவர். ரோலர் கோஸ்டருக்கும் அதையே பொருத்திச் சொல்வதுண்டு.

இதை நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. சம்பா அறுவடைக்கு நிற்கும் நேரத்தில், தை மாதத்தில் மேகம் திரண்டால் வயிற்றில் ஒரு பகீர் வருமே, அது அவருக்கு ஆண்டுதோறும் காசில்லாமல் கிடைக்கிறது. அப்போது ‘ஆபத்து ஒன்றுமில்லை’ என்று மனம் ஆறுதல் சொல்வதும் இல்லை. டிக்கெட் வாங்கி வேறு அதை அனுபவிக்க வேண்டுமா என்கிறார். அவர் பக்கத்து நியாயம் எனக்கும் தெரிகிறது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். வாழ்க்கையில் யாருக்கு எது கிடைக்கவில்லையோ, அதைத்தான் அவர்கள் விடுமுறையில் தேடுகிறார்கள். ஏற்கெனவே வயிறு நிறையக் கிடைத்தவர்களுக்குத் தீம் பார்க் ஒரு போலிச் சரக்காகத் தெரிகிறது.

நான் பிறந்தது குடமுருட்டிக் கரையில். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால், கல்லணை தாண்டி எங்கள் ஊருக்கு முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்து சேர்வதே ஒரு திருவிழா. ஆறு நிறைந்ததும் பையன்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறித் தலைகீழாகக் குதிப்பார்கள். என் கணவரும் அவருடைய ஊரில் அப்படிக் குதித்து வளர்ந்தவர்தான். இழுப்பு எங்கே அதிகம், எந்த மதகடியில் சுழல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நானும் சிறுமியாக இருந்தவரை குதித்தேன். வயதுக்கு வந்த பிறகு அது நின்றுபோனது. அப்புறம் படித்துறைதான். விடிவதற்குள் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, முங்கினோமா எழுந்தோமா என்று திரும்பிவிட வேண்டும். நின்று விளையாடினால் எதிர்க்கரையில் இருப்பவர் பார்ப்பார், அடுத்த நாள் அம்மாவிடம் பேச்சு வரும். ஆடிப்பெருக்கு அன்று ஆறு பெண்களுடையதுதான், மறுக்கவில்லை. அன்றும் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு என்று கை நிறைய வேலை.

இப்படி வளர்ந்தவளைத் தீம் பார்க்கில், இயந்திரத்தால் அலை எழுப்புகிற அலைக்குளத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? சேலையோடு இறங்கக் கூடாது, நைலான் உடுப்புத்தான் என்று விதி. வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டோம். என் மாமியாரும் மாட்டிக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், உள்ளூர்க் கல்யாணத்தில்கூடச் சத்தமாகச் சிரிக்காதவர். பெண்களுக்கென்று கயிறு கட்டிப் பிரித்த பகுதியில் நின்றோம். சங்கு ஊதியது. முதல் அலை வருவதற்குள் அத்தை தாலிக்கொடியைத் தூக்கிப் பல்லில் கவ்விக்கொண்டார், அலை இழுத்துக்கொண்டு போய்விடுமாம்! அலை முகத்தில் அடித்ததும் கவ்வியதை விடாமலே சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து கேட்டதில்லை. “இன்னொரு தடவை ஊதுவானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதுதான் அந்தத் தண்ணீரின் மகிமை. குளோரின் நெடி அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

கரையில் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற என் கணவர் சொன்னது: “தொட்டித் தண்ணீரில் என்ன இவ்வளவு கும்மாளம்?” அவருக்கு அது தொட்டித் தண்ணீர்தான். அசலில் குதித்து வளர்ந்தவர் நகலுக்கு எதற்காகக் காசு கொடுக்க வேண்டும்?

சாப்பாட்டிலும் இதே கதைதான். வெளியூர்ப் பயணம் என்றால் கட்டுச்சோறு இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் படியிறங்குவதில்லை. அத்தை புளியோதரை கட்டி எடுத்து வந்திருந்தார். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பையைச் சோதித்தவர் தடுத்துவிட்டார். அத்தைக்குக் கோபம், என் கணவருக்கு அதைவிடக் கோபம். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே போய் மரத்தடியில் உட்கார்ந்து, தட்டு வைத்து, யாருக்கு இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கேட்டுப் பரிமாறுவதற்கா நான் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தேன்? காலையிலிருந்து மாலைவரை அடுத்த வேளைக்கு என்ன என்று யோசிக்காமல் இருப்பதுதான் எனக்கு விடுமுறை. ஆண்கள் பலருக்கு இது புரிவதில்லை, ஏனென்றால் அவர்கள் மற்ற நாட்களிலும் அதை யோசிப்பதில்லை.

புளோரிடாவில் 1971-ல் திறந்த டிஸ்னி வேர்ல்டுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் ஒரு வாரம் தங்கப் போவதன் ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன். நான்கு பூங்காக்கள், தங்கும் விடுதி, பஸ், சாப்பாடு எல்லாம் ஒரே நிறுவனத்தின் வேலிக்குள். எதையும் தேடி அலைய வேண்டாம். வீட்டில் நாள் முழுவதும் முடிவெடுத்துச் சலித்தவர்களுக்கு அது சொர்க்கம். வழியில் மதுராந்தகம் ஏரியைக் கண்டால் காரை நிறுத்தச் சொல்லி, இந்தப் பக்கம் என்ன ரகம் போட்டிருக்கிறார்கள் என்று டீக்கடையில் விசாரிக்கிற என் கணவர் மாதிரி ஆட்களுக்கு அது வசதியான சிறை.

வரிசை இன்னொரு பெரிய சங்கதி. காத்திருப்பது பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-ல் எழுதியது இன்றுவரை பேசப்படுகிறது. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். பின்னால் வந்தவர் முன்னால் போனால் தாங்கவே முடியாது. பெரிய பூங்காக்கள் வரிசையை வளைத்து வளைத்து விட்டு, சுவரெல்லாம் பொம்மையும் படமும் வைத்து, இத்தனை நிமிடம் ஆகும் என்று பலகை மாட்டுவது இதற்காகத்தான். பிள்ளைகளுக்கு அந்த நிற்பதுகூட ஒரு கிளுகிளுப்பு. மேலே அலறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நகர்வார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போய்விடுமோ என்று வானத்தைப் பார்த்தபடி நாள்கணக்கில் முறைக்குக் காத்திருந்தவருக்கு அதில் என்ன கிளுகிளுப்பு வரும்? “வரிசையில் நிற்க நான் ஏன் மெட்ராஸ் வரை வர வேண்டும்?” என்றார். கூடுதல் காசு கொடுத்தவர்கள் தனி வழியில் முன்னால் போனதைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வந்தது: “ராட்டினத்துக்குமா சிறப்பு தரிசனம்?” டிஸ்னி 1999-ல் இப்படி முன்பதிவு வழியை இலவசமாகத்தான் தொடங்கியது. 2021-ல் காசாக்கிவிட்டார்கள்.

காசு என்றதும் நினைவுக்கு வருகிறது. 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டு திறந்தபோது நுழைவுக்கு ஒரு கட்டணம், ஒவ்வொரு சவாரிக்கும் தனிச் சீட்டு. ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்ற முறைக்கு 1982-ல்தான் முழுதாக மாறினார்கள். எங்கள் ஊர்த் திருவிழா ராட்டினம் இன்னமும் பழைய முறைதான்: ஏறினால் காசு, வேடிக்கை பார்த்தால் இலவசம். என் கணவருக்கு அதில் ஆட்சேபணையே கிடையாது, பிள்ளைகளை அவரே கூட்டிக்கொண்டு போவார். ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் மொத்தமாக வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால்தான் தகராறு. கொடுத்த காசை வசூலித்தே தீருவேன் என்று என் மகன் ஒரு நிமிடம் உட்காரவிடாமல் எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடுவான். அது எனக்கே கொஞ்சம் அலுப்புத்தான். கால் வீங்கிப் போகிறது.

இரண்டு கட்சியிலும் சேராத ஓர் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மாமனார் எதிலும் ஏறுவதில்லை. ஆனால் அவரைப் போல அங்கே பொழுதை அனுபவித்தவர் யாரும் இல்லை. ரோலர் கோஸ்டருக்குக் கீழே நின்று, சங்கிலி வண்டியை உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுகிறது, அதற்குப் பிறகு எஞ்சினே கிடையாது, முழுவதும் இறங்கிய வேகத்திலேயே ஓடுகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். இயக்குகிற பையன் பட்டுக்கோட்டைப் பக்கம் என்று தெரிந்ததும் அவனோடு ஊர்க்கதை வேறு. முன்பெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்குச் சுற்றுலா பஸ்ஸில் போனவர்கள் விஜிபி தங்கக் கடற்கரைக்குப் போய்வந்து, எந்த ராட்டினத்தைப் பற்றியும் பேசமாட்டார்கள். என்ன சேட்டை செய்தாலும் சிரிக்காமல் அசையாமல் நின்ற அந்தச் சிலை மனிதரைப் பற்றித்தான் மாதக்கணக்கில் பேச்சு. வேடிக்கை பார்ப்பதையே ஒரு முழு வேலையாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு எந்தப் பூங்காவும் பிடித்துப்போகும்.

ஆகையால் உங்கள் வீட்டில் ஒருவர் வரமாட்டேன் என்றால், முதலில் காதா, காசா, வரிசையா என்று கேளுங்கள். காது என்றால் விட்டுவிடுங்கள். இதய நோயாளிகள், கழுத்து வலிக்காரர்கள், கர்ப்பிணிகளையும் பெரிய சவாரிகளுக்கு அழைக்கவே வேண்டாம். வரிசை என்றால் பள்ளி விடுமுறை இல்லாத வார நாளில் போகலாம். காசு என்றால், அது உங்கள் வீட்டு விவகாரம்.

எங்கள் வீட்டில் இந்த முறை ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. திருப்போரூர் பக்கம் புதிதாக வந்திருக்கும் வொண்டர்லாவுக்குப் போகிறோம். தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டே போகிற தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரை மகள் இப்போதே செல்பேசியில் காட்டிக்கொண்டிருக்கிறாள். என் கணவர் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, திருப்போரூர் கந்தசாமி கோயிலில் கும்பிட்டு, அப்படியே மாமல்லபுரம் போய்விட்டு வரலாம். மாலையில் வந்து அழைத்துக்கொள்ளும்போது எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். எவ்வளவு ஆயிற்று என்று மறுநாள் காலை வரைக்கும் கேட்கக் கூடாது.