வலியில்லாத புண்ணுக்கே முதலில் மருத்துவர் தேவை

கேள்வி: எனக்கு வயது 52. காலையில் எழுந்து தரையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போல வலிக்கிறது. சற்று நடந்தால் குறைந்துவிடுகிறது. நான் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? என் கணவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அவருடைய உள்ளங்காலில் காய்ப்பு வெடித்துப் புண்ணாகி 10 நாட்கள் ஆகின்றன. வலியே இல்லை என்பதால் களிம்பு தடவிக்கொண்டு நடமாடுகிறார்.
– ஒரு வாசகி

பதில்: உங்கள் குதிகால் சில நாள் காத்திருக்கலாம். உங்கள் கணவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீண்ட காலச் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வு நரம்புகளைப் பாதிப்பதால், வலிக்க வேண்டிய புண்ணும் வலிப்பதில்லை. வலி தெரியாததால் அவர் அதே இடத்தை மீண்டும் மீண்டும் ஊன்றி நடக்க, புண் ஆழமாகி, கிருமித் தொற்று எலும்பு வரை இறங்கிவிடக்கூடும். மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வையும், பாதத்தின் நாடித்துடிப்பைக் கொண்டு ரத்த ஓட்டத்தையும் சோதிப்பார். புண்ணைச் சுத்தம் செய்து, அதன்மீது எடை விழாமல் இருக்க வழி சொல்வார். அதுவரை அந்தக் காலை ஊன்றுவதை அவர் இயன்றவரை தவிர்க்கட்டும். காய்ப்பைக் கரைப்பதற்காகக் கடையில் விற்கும் அமிலப் பிளாஸ்திரியை அவர் தொடவே கூடாது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றமோ கருமையோ காய்ச்சலோ தோன்றினாலோ, நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிக்குப் புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கினாலும் தாமதிக்கக் கூடாது. உள்ளே எலும்புகள் சிதையத் தொடங்கியிருக்கலாம்.

உங்களுக்கு இருப்பது, பெரும்பாலும், உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் ஏற்படும் பாதிப்பு. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற காலணியும் பலருக்குச் சில மாதங்களில் குணம் தருகின்றன. இரண்டு வாரம் கவனித்தும் சற்றும் குறையாவிட்டாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் இல்லாதவர்களும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. அடிபட்ட பிறகு நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டால் எலும்பு முறிவைச் சந்தேகித்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு வலித்தால் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ரத்தம் உறைந்ததால் இருக்கலாம் என்பதால் அன்றே காட்டுங்கள். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கணவரை அழைத்துச் செல்லும்போது அவர் அன்றாடம் அணியும் செருப்பையும் சமீபத்திய சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். பாதத்தின் எந்த இடம் அழுந்துகிறது என்பதை அந்தச் செருப்பின் தேய்மானத்திலிருந்து மருத்துவர் கண்டுகொள்ள முடியும்.