எகானமி டிக்கெட், பிசினஸ் இருக்கை: எந்த வழி கட்டுப்படியாகும்?

எகானமியில் டிக்கெட் வாங்கி பிசினஸ் வகுப்புக்கு உயர்வது (அப்கிரேட்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கட்டணங்கள் நாளுக்கு நாள் மாறும் என்பதால் கணக்குப் போடும் முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மைல் என்பது தன்னிடம் பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளி; ஏலம் என்பது காலி பிசினஸ் இருக்கைக்கு நீங்களே ஒரு தொகை சொல்லிக் கேட்பது.

கேள்வி (சென்னை): மைல் கொடுத்து அப்கிரேட், ஏலம், கவுன்டரில் பணம். சார், இந்த மூன்றில் எது லாபம்?

முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றைய இரவு கால் நீட்டிப் படுப்பதற்குக் கைக்காசில் எவ்வளவு கொடுப்பீர்கள்? அந்தத் தொகைதான் அளவுகோல். விமான நிறுவனம் போட்டிருக்கும் பிசினஸ் கட்டணத்தை அளவுகோலாக வைத்தால் எல்லா அப்கிரேடும் கொள்ளை லாபமாகத் தெரியும்.

ஒரு கணக்கு பாருங்கள். மலிவு எகானமி 40,000 ரூபாய், மைல் அப்கிரேடை அனுமதிக்கும் எகானமி 55,000, பிசினஸ் 1,60,000, அப்கிரேடுக்கு 35,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். 1,05,000 ரூபாய் மிச்சம், ஆகவே ஒரு மைலுக்கு 3 ரூபாய் கிடைத்தது என்பார்கள். ஆனால் அந்தப் படுக்கைக்கு உங்கள் உச்சவரம்பு 50,000 என்றால்? அதில் 15,000 கட்டண வித்தியாசத்திலேயே போய்விட்டது. மீதி 35,000 ரூபாய் மதிப்புக்கு 35,000 மைல் கொடுக்கிறீர்கள். மைலுக்குக் கிடைப்பது 1 ரூபாய்தான். அதே மைலில் வேறொரு பயணத்துக்கு முழு டிக்கெட்டே எடுக்க முடிந்தால் அதுதான் புத்திசாலித்தனம். மலிவு டிக்கெட்டை வைத்துக்கொண்டு 30,000 ரூபாய் ஏலத்தில் இடம் கிடைத்தாலோ, மொத்தச் செலவு 70,000. மைலும் கையில் இருக்கும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் பிசினஸ் டிக்கெட்டின் நேரடி விலையையும் ஒருமுறை பாருங்கள். சலுகைக் காலங்களில் வித்தியாசம் வெகுவாகக் குறையும். அப்போது சுற்றி வளைக்கத் தேவையில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் நிறைய இருக்கிறது. சென்னை டிக்கெட்டை அப்கிரேட் செய்ய முடியவில்லையே, ஏன் அண்ணா?

பெரும்பாலும் நீங்கள் வாங்கியது எகானமி லைட் என்ற மிக மலிவான கட்டணமாக இருக்கும். அந்தக் கட்டணத்தில் மைல் அப்கிரேட் கிடையாது. வேறு கட்டணமாக இருந்தால், மைலுக்கென ஒதுக்கிய இருக்கை இல்லாமல் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறீர்கள். கிரிஸ்ஃப்ளையர் மைல் 36 மாதத்தில் காலாவதியாகும் என்பதையும் மறக்காதீர்கள். ஒன்று சொல்கிறேன்: சென்னை சுமார் நான்கு மணி நேரப் பயணம். பகல் விமானமென்றால் அந்த மைலைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (கோலாலம்பூர்): ஏலத்தில் எவ்வளவு போடுவது? அம்புக்குறியை "வலுவானது" வரை தள்ள வேண்டுமா?

வேண்டாம். தொகையைக் கூட்டக் கூட வாய்ப்பு வலுவாவதாகக் காட்டும் அந்த அளவுகாட்டி உங்களை மேலே தள்ளுவதற்கென்றே இருக்கிறது. பல விமான நிறுவனங்களுக்கு இந்த ஏல முறையை நடத்தித் தருவது மான்ட்ரியாலில் உள்ள பிளஸ்கிரேட் என்ற நிறுவனம். ஆகவே எங்கே போனாலும் திரை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். திரையில் தெரியும் தொகை பொதுவாக ஒரு நபருக்கு, ஒரு விமானத்துக்கு. நான்கு பேர் ஒரே முன்பதிவில் இருந்தால் அட்டையில் நான்கு மடங்கு பிடிப்பார்கள். கிடைத்தால் நால்வருக்கும் கிடைக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. இரண்டாவது, மாறிச் செல்லும் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஏலம் கேட்கலாம். இரவு நீளும் கட்டத்துக்கு மட்டும் பணத்தைப் போடுங்கள். மூன்றாவது, ஏலத்தில் உயர்ந்தாலும் பல நிறுவனங்கள் பழைய எகானமி டிக்கெட்டின் கணக்கில்தான் மைல் தரும்.

புறப்படும் நாள் நெருங்கியதும் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பிசினஸ் பகுதி காலியாகக் கிடந்தால் குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே போட்டுப் பார்ப்பதே என் வழக்கம். வரைபடம் முழு உண்மை சொல்லாது, ஆனாலும் குருட்டாம்போக்கில் போடுவதைவிட மேல்.

கேள்வி (லண்டன்): பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஏவியோஸ் வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது எப்படிப் பயன்படுத்துவது?

இங்கே நுணுக்கம் அதிகம். ஏவியோஸ், அதாவது அந்த நிறுவனத்தின் மைல், கொடுத்தால் ஒரு படிதான் ஏறலாம்: எகானமியிலிருந்து இடைப்பட்ட பிரீமியம் எகானமிக்கு, அங்கிருந்து கிளப் வேர்ல்டு என்ற அவர்களின் பிசினஸ் வகுப்புக்கு. டிக்கெட்டில் க்யூ, ஓ, ஜி என்ற எழுத்துக் குறியுள்ள மலிவு எகானமிக் கட்டணங்களில் அதுவும் முடியாது. ஆகவே படுக்கை வேண்டுமென்றால் பிரீமியம் எகானமியைப் பணம் கொடுத்து வாங்கி, கிளப்புக்கு ஏவியோஸில் ஏறுவதே நல்ல வழி.

வரியும் இதற்குச் சாதகம். பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு மட்டும் விதிக்கப்படும் பயணிகள் வரி, எகானமியைத் தாண்டினால் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. பிரீமியம் எகானமியிலேயே அந்த உயர்ந்த வரியைக் கட்டிவிடுவதால் கிளப்புக்கு ஏறும்போது அது மேலும் உயராது. எகானமியில் டிக்கெட் எடுத்துப் பிரீமியத்துக்கு ஏறினால், சாய்வு நாற்காலிக்காக ஏவியோஸும் கொடுத்து வரி வித்தியாசமும் கட்டுவீர்கள். எனக்கு அது கட்டுப்படியாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து லண்டன் வரும் கட்டத்தில் இந்த வரியே இல்லை.

கேள்வி (நியூ ஜெர்சி): அமெரிக்க நிறுவனத்தில் உயர்நிலை உறுப்பினர். இந்தியப் பயணத்திலும் இலவச அப்கிரேட் வருமா?

அந்த இலவச அப்கிரேட் பெரும்பாலும் உள்நாட்டுக்கும் குறுகிய தூரத்துக்கும்தான். யுனைட்டெட் நிறுவனத்தில் நெடுந்தூரத்துக்கு, உயர்நிலை உறுப்பினர்களுக்குத் தரும் பிளஸ்பாயின்ட்ஸ் என்ற அப்கிரேட் புள்ளிகள் வேண்டும். பேசிக் எகானமி என்ற மிக மலிவான கட்டணத்தில் அதுவும் செல்லாது.

கேள்வி (கோவை): நன்றாக உடுத்திக்கொண்டு கவுன்டரில் கேட்டால் இலவசமாகத் தருவார்களா?

மாட்டார்கள். எகானமியில் அளவுக்கு மீறி டிக்கெட் விற்றிருந்தால் சிலரை மேலே ஏற்றுவார்கள். உறுப்பினர் நிலையும் கட்டண வகையும்தான் அதைத் தீர்மானிக்கும். அப்படி நிறுவனமே ஏற்றினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பொருந்தும் பயணங்களில் கூடுதல் பணம் கேட்கக் கூடாது. ஆனால் "இன்று அப்கிரேட் விலை என்ன?" என்று தாராளமாகக் கேளுங்கள். காலி இருக்கை இருந்தால் சில சமயம் நல்ல விலை வரும்.

கேள்வி (மதுரை): பிசினஸுக்குப் பணம் கட்டியபின் எகானமியில் உட்கார வைத்தால்?

விடாதீர்கள். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் விருப்பமின்றி வகுப்பைக் குறைத்தால் உள்நாட்டுப் பயணத்தில் வரியுடன் டிக்கெட் விலையில் 75 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கி.மீ. வரை 30, 3,500 கி.மீ. வரை 50, அதற்கு மேல் 75 விழுக்காடு. ஏலத்தில் கிடைத்த இடம் பறிபோனால் ஏலத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். பழையது, புதியது என்று போர்டிங் பாஸ் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி (திருச்சி): அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சான் பிரான்சிஸ்கோ. ஏலத்தை நம்பலாமா ஐயா?

நம்ப வேண்டாம். ஏலத்தின் முடிவு புறப்படச் சில நாட்களோ சில மணி நேரமோ இருக்கும்போதுதான் தெரியும். கிடைக்காவிட்டால் அம்மாவுக்கு மாற்று வழி இருக்காது. சென்னை–சிங்கப்பூர் எகானமியிலேயே போகட்டும். பசிபிக்கைத் தாண்டும் நீண்ட கட்டத்துக்கு மட்டும் பிசினஸ் விலையைக் கேளுங்கள். எட்டாவிட்டால் பிரீமியம் எகானமியை இப்போதே உறுதி செய்யுங்கள். இரண்டு கட்டங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை; முன்பதிவிலேயே அதையும் பதியச் சொல்லுங்கள்.